சொர்க்க ரதத்தில் ஒரு ஜன்னல் சீட்

வண்டி நின்றதும் முதலில் வந்தது எதிர்வீட்டுப் பெண்மணி. கையில் கோலமாவுக் கிண்ணம், வாசலில் பாதிக் கோலம். அவள் வண்டியைப் பார்த்தாள். மல்லிகாவின் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொண்டையை அவிழ்த்துத் தலையை விரித்துப்போட்டாள்.

காலங்கார்த்தாலே இந்த அம்மாள் எதற்குத் தலையை விரிக்கிறாள் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தெரு திரண்டுவிட்டது. ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து பெஞ்சைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் போட்டார். இன்னொருவர் ஃபோனில் பந்தல்காரரை எழுப்பிக்கொண்டிருந்தார். நாலு பெண்கள் தோளோடு தோள் சேர்த்து அழத் தொடங்கிவிட்டார்கள்.

"பாத்தீங்களா மேடம்? நான் சொன்னப்ப நம்பலையே" என்றார் டிரைவர் சேகர். நான் அவருக்குப் பக்கத்து சீட்டில் கால்மேல் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

மார்கழிப் பனி. பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. அந்தப் பனிக்குள்ளிருந்து, தெருவின் கடைசி வீட்டுப் பக்கமிருந்து, ஒரு மனிதர் ஓடிவந்தார். செருப்பில்லை. வேட்டி காலில் தடுக்கியது. நெஞ்சோடு ஒரு புதுச் சேலையை அணைத்திருந்தார். அரக்கு நிறம், மடிப்புக் கலையாதது.

"மல்லி... ஏ மல்லி..." என்று கதறிக்கொண்டே வந்தார்.

அவர் மல்லிகாவின் அண்ணன் கோவிந்தராசு. தங்கச்சி செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி போட வேண்டும் இல்லையா, அந்தக் கோடிதான் கையில். இருபது வருஷத்துக்கு மேலாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே தெரு.

அப்போதுதான் கதவு திறந்தது. தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஒயர் கூடையும் கையுமாக மல்லிகா வாசற்படியில் நின்றாள்.

"என்னா, எல்லாரும் வந்திருக்கீங்க?" என்றாள்.

ஊர் கூடாத தேர்

போன வாரம் என் ஆபீஸ் நாற்காலியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். "நாற்காலியின் உடைந்த கையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, அதில் உட்கார்ந்து என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு வரி உண்டா?" நியாயம்தான். சொல்லிவிடுகிறேன்.

நம் மாவட்டத்தில் வசதியில்லாதவர்களுக்காக ஓடும் வண்டிகள் நிறைய உண்டு. பிரசவமான தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விட ஒன்று. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பயிற்சி மையத்துக்கு அழைத்துப்போக ஒன்று. முகாமுக்கு மருந்துப் பெட்டி ஏற்றிப்போக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டம். திட்டத்துக்கு ஒரு துறை. துறைக்குத் தனி டீசல், தனி லாக் புக்.

போகும்போது ஆள் இருக்கும், திரும்பும்போது காலி. அதே சாலையில் அதே நேரத்தில் ஒரு நோயாளி பஸ்ஸுக்காக வெயிலில் நின்றுகொண்டிருப்பார். காலி வண்டி அவர் முகத்தில் புழுதியை இறைத்துவிட்டுப் போகும். அவர் வேறு திட்டத்து ஆள்.

அந்தக் காலி சீட்டையும் அந்த மனிதரையும் சேர்த்துவைப்பதுதான் என் வேலை. போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். ஒப்பந்த வேலை, சோதனை முயற்சி. கிட்டத்தட்டத் தரகு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத் தரகருக்காவது கடைசியில் வேட்டி துண்டு கிடைக்கும். தனக்கே வரன் அமையாத ஒருத்தியை இந்த வேலைக்குப் பிடித்துப்போட்டவர் நல்ல நகைச்சுவை உள்ளவராக இருக்க வேண்டும்.

முதல் கூட்டம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது, சம்மதம் மட்டும் வரவில்லை. "தாய்மார் வண்டியில டயாலிசிஸ் கேஸ ஏத்துனா பச்சப்புள்ளைக்குத் தொத்திக்காதாம்மா?" என்று ஒருவர் கேட்டார். சிறுநீரகக் கோளாறு தொற்றும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்னொருவர் மிகவும் தன்மையாக, "ஒருங்கிணைப்புன்னா ரொம்ப நல்ல விஷயங்க. எல்லாரும் எங்களோட வந்து ஒருங்கிணையட்டும்" என்றார்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இங்கே ஆளுக்கொரு தேர் வைத்திருந்தார்கள், வடத்தை மட்டும் யாரும் அடுத்தவர் கையில் தருவதாக இல்லை.

துறைகளாவது பரவாயில்லை, காகிதத்தைக் காட்டி மடக்கலாம். ஜனங்களை என்ன செய்வது? ஆரம்பத்தில் கும்பகோணத்துக்குத் திங்கட்கிழமை வண்டி போட்டேன். ஒருவரும் ஏறவில்லை. திங்களும் சனியும் கிழக்கே சூலம் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. "தயிர் சாப்ட்டுட்டுக் கெளம்புனா தோஷமில்ல மேடம், ஆனா எனக்குத் தயிரே ஆகாதுன்னுட்டாங்களே டாக்டரு" என்றார் ஒரு பெரியவர் வருத்தமாக. வாயை மூடிக்கொண்டு செவ்வாய், வெள்ளிக்கு மாற்றினேன்.

குரல்கள்

என் அறை ஒரு பழைய கட்டடத்தில் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. பக்கத்து அறையில் உபயோகமில்லாத கோப்புகள். அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். டீக்காரர்கூடப் பாதித் தாழ்வாரத்தில் நின்று, "டீ வேணுமா?" என்று கத்திவிட்டு, என் பதில் வருவதற்குள் திரும்பிப்போய்விடுவார்.

நாள் முழுவதும் ஃபோன். "வண்டி எங்க வருது மேடம்?", "புள்ளைக்குக் காய்ச்சல், இன்னிக்கி வரல மேடம்", "எங்க மாமியாரு மறுபடியும் ஏறமாட்டேங்குறாங்க மேடம்." எல்லாம் குரல்கள். முகம் கிடையாது. பாபநாசத்திலும் கும்பகோணத்திலும் எத்தனையோ வீட்டு விவகாரம் எனக்கு அத்துப்படி. ஆனால் அந்த மனிதர்கள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

சாயங்காலம் தெற்கு வீதிப் பக்கம் இருந்த மாடி போர்ஷனுக்குப் போவேன். பூட்டைத் திறப்பேன். காலையில் குடித்து வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். அதைப் பார்த்தால் சில நாள் அழுகை வரும், சில நாள் எரிச்சல் வரும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப்பிறந்தவர்கள் கிடையாது. சென்னையில் ஒரு பெரியம்மா மகன் தினமும் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புவான். அதே படத்தை எல்லோருக்கும் அனுப்புகிறான் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் குரல்களில் ஒன்றுதான் மல்லிகா. ஐம்பதைத் தொடும் வயது. நடவும் களையுமாக வயலில் கிடந்த உடம்பு, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கணவர் இல்லை. ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் புருஷனோடு வேலை பார்க்கிறாள், நினைத்த நேரத்தில் வரமுடியாது. வாரம் இரண்டு நாள் கும்பகோணத்தில் டயாலிசிஸ். போகும்போது பஸ்ஸில் போய்விடுவாள். ரத்தத்தைச் சுத்தம் செய்து வெளியே அனுப்பும்போது உடம்பு பிழிந்த துணிபோல ஆகிவிடும். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்து, கண் திறந்தபோது பக்கத்தில் யாரோ சோடா பாட்டிலோடு நின்றார்களாம்.

அவளுக்காக நான் எத்தனையோ வண்டியைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் பிள்ளைகள் வண்டியில் இடம் கிடைக்கும், அடுத்த வாரம் யாராவது ஆட்சேபிப்பார்கள். ஒருநாள் அவளே ஃபோன் செய்தாள்.

"என் பேர எடுத்துடுங்க மேடம்."

"எதுலேருந்து?"

"எல்லாத்துலேருந்தும்தான். நான் இனிமே போறதா இல்ல."

போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூச்சு முட்டும், கால் வீங்கும், அதிக நாள் தாங்காது. பஸ்தான் பிரச்சினையா என்று கேட்டேன்.

"ஊசிகூடப் பரவால்ல மேடம். அங்க போனதும், கூட யாரு வந்திருக்காங்கன்னு கேப்பாங்க. எல்லாருக்கும் யாராவது இருப்பாங்க. நான் வெளிய நிக்கிறாங்கன்னு சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் வெளிய நிக்கிறாங்கன்னு எத்தினி நாளைக்கி மேடம் சொல்றது? யாருக்காகப் போறேன்னே தெரியல."

என் முறை வரும்போது நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன் என்று தோன்றி, ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். கடைசியில், "புதுசா ஒரு வண்டி வருது. ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்க. பிடிக்கலைன்னா உங்க இஷ்டம்" என்றேன். அரைமனதாகச் சரி என்றாள்.

தானம் வந்த மாடு

நான் சொன்ன புது வண்டி புதிதல்ல. நகரத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் பிணவண்டி ஒன்றை இலவசமாக நடத்திவந்தது. எல்லோரும் சொர்க்க ரதம் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் புதிதாக ஒன்று வாங்கியபோது, பழையதை எங்கள் திட்டத்துக்குக் கொடுத்தார்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? நான் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அதைவிடப் பொருத்தமான வண்டி எனக்கு அமைந்திருக்காது. பாடை தள்ளி ஏற்றுவதற்காகத் தளத்தைத் தாழ்வாக வைத்திருந்தார்கள். பின்கதவு அகலம். சக்கர நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். உட்கார முடியாதவரைப் படுக்கவைக்கலாம். இருக்கை போட்டோம், பெல்ட் போட்டோம், வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். பக்கவாட்டில் வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்து லேசாகத் தெரியும். அதை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம்.

எல்லோரும் பார்த்தார்கள். எழுத்தே வேண்டாம், வண்டியின் ஜாடையே போதுமாக இருந்தது. அந்த வண்டி எந்தெந்தத் தெருவுக்கு யார் யாரை எடுத்துப்போக வந்தது என்று ஊர் ஊராகக் கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளை பெற்றவளின் மாமியார், வண்டி வாசலில் நிற்கவே கூடாது என்று வாளித் தண்ணீரை டயர்மேல் கொட்டினார். இன்னொரு ஊரில் மாலையோடு வந்து நின்றார்கள். சேகர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார், முன்கண்ணாடியில் முருகன் படத்தை ஒட்டினார். ஒன்றும் எடுபடவில்லை.

"நீங்களே ஒருநாள் வந்து பாருங்க மேடம்" என்று அவர் கூப்பிட்டதால்தான் அந்த மார்கழிக் காலையில் நான் மல்லிகா வீட்டு வாசலில் இருந்தேன். அவள் முகத்தையும் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

வராத பஸ்ஸால் வந்த பகை

கோவிந்தராசு கோடியோடு ஓடிவந்து நிற்கிறார். அவரை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு கதை பேசுவது பாவம்தான். ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் அவர் அழுததன் கனம் புரியாது.

மல்லிகாவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் மாமன் வாங்கிவருவது. கோவிந்தராசு கும்பகோணத்தில் செய்யக் கொடுத்திருந்த தோட்டை வாங்க விடிகாலையிலேயே போனார். வாங்கியும்விட்டார். திரும்பிவர வேண்டிய பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸும் வரவில்லை.

இங்கே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மல்லிகாவின் மாமனார் வீட்டார் பொறுமையிழந்தார்கள். முறையில் மாமனாகும் வேறு ஒருவர் மடியில் பிள்ளையை வைத்துக் காதைக் குத்திவிட்டார்கள். வேர்த்து விறுவிறுக்கக் கோவிந்தராசு பந்தலுக்குள் நுழைந்தபோது பிள்ளை அழுது ஓய்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தது. அவர் சீர்த்தட்டோடு திரும்பிப்போனார். மல்லிகா பின்னால் ஓடிக் கூப்பிடவில்லை. மாமனாருக்குப் பயந்து நின்றுவிட்டாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் மல்லிகாவின் புருஷன் சாவுக்குக் கோவிந்தராசு வந்து தெருவோரத்தில் நின்றுவிட்டுப் போனாராம். நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். பேசவில்லை. அவருக்கு உடம்பு முடியாதபோது இவள் போய்ப் பார்க்கவில்லை. இவளுக்கு உடம்பு கெட்டபோது அவர் வரவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், வேறு வேறு நேரத்தில்.

பஸ் வராமல் போனதால் எத்தனையோ வேலை கெட்டிருக்கிறது, பரீட்சை போயிருக்கிறது, உயிரே போயிருக்கிறது. அண்ணன் தங்கை உறவு போனதை எந்தத் துறை கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னா, எல்லாரும் வந்திருக்கீங்க?"

மல்லிகா இப்படிக் கேட்டதும், அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சட்டென்று நிறுத்தினாள். "அடி ஆத்தே, உசுரோடல்ல நிக்கிது" என்றாள். யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவர், "வேணாம்ப்பா, அப்பறம் சொல்றேன்" என்று ஃபோனை வைத்தார். எதிர்வீட்டு அம்மாள் கொண்டையைப் போட்டுக்கொண்டாள்.

கோவிந்தராசு மட்டும் நின்ற இடத்தில் நின்றார். கண்ணீர் அப்படியே கன்னத்தில் இருந்தது. தங்கையைப் பார்த்தார். கையிலிருந்த சேலையைப் பார்த்தார். அதை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு திரும்பி, பனிக்குள் நடந்து போய்விட்டார்.

இப்போதாவது கூப்பிடேன் என்று மல்லிகாவைப் பார்த்து எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவள் கூப்பிடவில்லை. வண்டியில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள்.

மெயின் ரோடு வந்துவிட்டது. இந்த அவமானத்தோடு இவள் டயாலிசிஸையே விட்டுவிடுவாள், கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"பாத்தீங்களா மேடம்? கோடி எடுத்துக்கிட்டு ஓடியாந்துச்சு எங்கண்ணன்."

"ஆமா."

"நான் செத்தாக்கூட வராதுன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன். செருப்புகூடப் போடல, கவனிச்சீங்களா? அண்ணி பொங்கலுக்குன்னு எடுத்து வச்ச சேலையா இருக்கும். அரக்கு. எனக்கு அரக்குன்னா புடிக்கும், அதுக்குத் தெரியும்."

இப்படி ஓர் ஆறுதலை நான் அதுவரை கண்டதில்லை. அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. ஆமாம், பொறாமைதான். நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. எல்லோரிடமும் நயமாகப் பேசியே காலம் தள்ளிவிட்டேன். அதனால் என்னோடு பேசாமல் இருப்பதற்குக்கூட இந்த உலகத்தில் ஓர் ஆள் கிடையாது.

பல் தேய்க்கும் அண்ணன்

அதற்கப்புறம் மல்லிகா ஒரு நாள்கூடத் தவறவில்லை. செவ்வாய், வெள்ளிகளில் வீடு திரும்பியதும் எனக்கு ஃபோன் வரும். வண்டி விஷயம் ஒன்றும் இருக்காது.

"இன்னிக்கி பல்லு தேச்சிக்கிட்டு வாசல்ல நின்னுச்சு மேடம். எவ்வளவு நேரந்தான் பல்ல தேய்க்கும்? நான் ஏறி உக்கார்ற வரைக்கும் தேய்ச்சிக்கிட்டே இருக்கு."

இன்னொரு நாள்: "இன்னிக்கி மாட்டைப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. மாடு இழுக்குது, அது வுடல."

அந்த வண்டி தெருவுக்குள் நுழைந்தால் கோவிந்தராசுவுக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. தங்கை தன் காலால் நடந்து வருகிறாளா, தூக்கிவருகிறார்களா என்று பார்த்தாக வேண்டும். அவர் பார்க்கிறார் என்பதற்காகவே மல்லிகா சேகர் நீட்டும் கையைப் பிடிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஏறுவாள். "நல்லாத்தான் இருக்கேன்னு தெரியட்டும் மேடம்" என்பாள். அவளுடைய ஃபோனுக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன். அந்த இரண்டு நாளும் தாழ்வாரம் அவ்வளவு நீளமாகத் தெரியாது.

ஆனால் மற்றவர்கள் ஏறவில்லையே. புகார்மேல் புகார். வண்டியில் சீட் எல்லாம் காலி, நாங்கள் மற்ற துறைகளைப் பார்த்து எதற்குச் சிரித்தோமோ அதுவே எங்களுக்கு வந்தது. கடைசியில் சொர்க்க ரதத்தை நிறுத்திவிட்டு, இரண்டு துறைகள் சேர்ந்து ஒரு நீல வேன் கொடுக்க ஒப்புக்கொண்டன. தாய்மாரும் பிள்ளைகளும் நோயாளிகளும் ஒரே வண்டியில். நான் இத்தனை நாளாகக் கெஞ்சிய விஷயம். அன்றைக்குக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மல்லிகாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதே கவலை.

"நீல வண்டியா?" என்றாள். "வேணாம் மேடம். எனக்கு அந்தப் பழசே வரட்டும்."

"எல்லாரும் பயப்படுறாங்க மல்லிகா."

"எனக்குப் பயமில்லையே. நான் எழுதிக் குடுக்குறேன். நீல வண்டி வந்தா அண்ணன் ஏன் வாசலுக்கு வருது? பஸ்ஸு போவுது, வேன் போவுதுன்னு உள்ளயே இருந்துரும். அப்பறம் நான் யாருக்கு மேடம் நடந்து காட்டுறது?"

"மகளுக்காக..." என்று ஆரம்பித்தேன்.

"பேர எடுத்துடுங்க" என்றாள்.

மதகடியில்

வெள்ளிக்கிழமை நானே நீல வேனில் போனேன், ஓட்டியது அதே சேகர்தான். கதவைத் தட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவளை நேரில் பார்ப்பது அது இரண்டாவது தடவை. "ஒங்களுக்காக வர்றேன். இன்னிக்கி மட்டுந்தான்" என்றாள். பவுடர் போடவில்லை, தலை வாரவில்லை. ஏறும்போது சேகரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாடு தனியாகக் கட்டிக்கிடந்தது. வேன் அதைத் தாண்டும்போது மல்லிகா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை அழுதது, ஒரு பையன் ஜன்னல் கம்பியைத் தட்டித் தாளம் போட்டான். என் வேலை பலித்துவிட்ட வண்டி அது. அதில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வாரம் இவள் இருக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

ஊர் எல்லையில் வாய்க்கால் மதகு இருக்கிறது. அங்கே ஒருவர் நடுரோட்டில் நின்று கையை நீட்டி வண்டியை மறித்தார். கோவிந்தராசு. மேல்துண்டு இல்லை, முகம் வெளிறியிருந்தது. வெகுநேரமாக அங்கேயே நின்றிருக்க வேண்டும், கால் இரண்டும் பனியில் நனைந்திருந்தன.

நேராக டிரைவர் பக்கம் வந்தார்.

"தம்பி, அந்த வெள்ள வண்டி ஏன் இன்னிக்கி வரல?"

"அத நிறுத்தியாச்சுங்க. இனிமே இதான்."

"அப்ப..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுல போற ஆளு?"

மல்லிகா சேகருக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கோவிந்தராசு கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவர் அந்த ஜன்னலைப் பார்க்கவில்லை. சேகரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சேகர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வாய்க்காலைப் பார்த்தேன்.

"இருக்கேன்னு சொல்லுங்க தம்பி" என்றாள் மல்லிகா, சேகரின் முதுகைப் பார்த்து.

"இருக்காங்களாம்" என்றார் சேகர்.

கோவிந்தராசு மூச்சை விட்டார். மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "சாப்ட்டுச்சான்னு கேளுங்க" என்றார்.

"ரெண்டு இட்லி சாப்ட்டேன்னு சொல்லுங்க."

"ரெண்டு இட்லி சாப்ட்டாங்களாம்."

பின்னால் ஒருவர் பைக்கில் வந்து ஹாரன் அடித்தார். யாரும் அசையவில்லை.

கோவிந்தராசு வழிவிட்டு ஒதுங்கினார். சேகர் கியர் போட்டார். வண்டி நகரும்போது மல்லிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இப்போது கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"செவ்வாய்க்கெழமையும் இதே வண்டிதான், இதே நேரந்தான்னு சொல்லுங்க தம்பி."

சேகர் பிரேக்கை மிதித்து, தலையை வெளியே நீட்டி, ஒரு சொல் விடாமல் அதைச் சொன்னார்.